மக்களே முடிவு செய்யட்டும் என்றால், எந்த மக்கள்?

அமெரிக்காவின் கருக்கலைப்புச் சட்டங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நண்பர் ஒருவர் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார். "அந்தந்த மாநிலத்து ஜனங்களே ஓட்டு போட்டு முடிவு பண்ணிக்கட்டுமே, அதுல என்ன தப்பு?" கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஜனநாயகத்தில் நம்பிக்கை உள்ள யாரும் சட்டென்று "கூடாது" என்று சொல்லிவிட முடியாது. நானும் முதலில் தலையாட்டியவன்தான். 2022-க்குப் பிறகு நடந்த வாக்கெடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தபோதுதான் இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது என்று தெரிந்தது. படித்ததை இங்கே குறித்து வைக்கிறேன்.

கொஞ்சம் பின்னணி

1973 ஜனவரி 22 அன்று ரோ எதிர் வேட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கரு தாயின் உடலுக்கு வெளியே உயிர்பிழைக்கக்கூடிய கட்டத்தை எட்டும்வரை எந்த மாநிலமும் கருக்கலைப்பை முழுதாகத் தடை செய்ய முடியாது என்பது அதன் சாரம். இன்றைய மருத்துவக் கணக்கில் அந்தக் கட்டம் ஏறத்தாழ 24 வாரம். கிட்டத்தட்ட ஐம்பது வருடம் இது நின்றது.

2022 ஜூன் 24 அன்று டாப்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம் ரோ தீர்ப்பை ரத்து செய்தது. வழக்கு மிசிசிப்பி மாநிலத்திலிருந்து வந்தது. 15 வாரத்துக்குப் பிறகு கருக்கலைப்பைத் தடுக்கும் அந்த மாநிலச் சட்டம் செல்லுமா என்பதுதான் கேள்வி. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி சாமுவேல் அலிட்டோ, கருக்கலைப்பு உரிமை பற்றி அரசமைப்புச் சட்டம் எதுவும் சொல்லவில்லை, எனவே அந்த அதிகாரத்தை மக்களிடமும் அவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளிடமும் திருப்பிக் கொடுக்கிறோம் என்றார்.

இந்த இடத்தில்தான் நிதானிக்க வேண்டும். "மக்கள்", "மக்களின் பிரதிநிதிகள்" என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அவை இரண்டு வேறு ஆட்கள். நமக்கு இந்த வித்தியாசம் அவ்வளவாகப் பழக்கமில்லை. இந்தியாவில் 1971-ல் கருக்கலைப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது, 2021-ல் நாடாளுமன்றமே திருத்தியது. குடிமக்கள் நேரடியாக ஒரு சட்டத்துக்கு ஓட்டு போடும் முறை நம் அரசமைப்பில் இல்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் உண்டு. தேர்தல் நாளில் ஆளுநர், சட்டமன்ற உறுப்பினர் பெயர்களோடு அதே வாக்குச்சீட்டில் "இந்தத் திருத்தத்தை ஏற்கிறீர்களா?" என்ற கேள்வியும் அச்சாகி வரும்.

டாப்ஸ் தீர்ப்பு வந்தவுடன் நடைமுறையில் அதிகாரம் போய்ச் சேர்ந்தது சட்டமன்றங்களிடம். மிசூரியில் தீர்ப்பு வந்த அன்றே தடை அமலுக்கு வந்தது. டெக்சாஸில் இரண்டு மாதத்தில் முழுத்தடை. பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இதே கதை. இவற்றில் எதற்கும் அப்போது யாரும் மக்களிடம் ஓட்டு கேட்கவில்லை.

நண்பர் பக்கம் உள்ள நியாயம்

மக்களிடம் நேரடியாகக் கேட்டபோது என்ன நடந்தது? நண்பரின் வாதத்துக்கு வலு சேர்க்கும் பகுதி இது.

முதல் சோதனை கான்சஸ், 2022 ஆகஸ்ட் 2. மாநில அரசமைப்பு கருக்கலைப்பு உரிமையைப் பாதுகாக்கிறது என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லியிருந்தது. அதை நீக்க சட்டமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. வாக்கெடுப்பை வழக்கமாகக் கூட்டமே வராத ஆகஸ்ட் உட்கட்சித் தேர்தல் நாளில் வைத்தார்கள். 2020-ல் டிரம்புக்கு 56 சதவீதம் ஓட்டு போட்ட மாநிலம் வேறு. திருத்தம் சுலபமாக ஜெயிக்கும் என்றுதான் பலர் நினைத்தார்கள். ஏறத்தாழ 59 சதவீதம் பேர் அதை நிராகரித்தார்கள்.

அதே வருடம் நவம்பரில் மிச்சிகன். அங்கே 1931-ம் வருடத்துத் தடைச்சட்டம் புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. ரோ போனால் அது எழுந்துவிடும். 7.5 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டி மக்களே ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தார்கள். சுமார் 57 சதவீதத்துடன் நிறைவேறியது. 2023-ல் ஒஹையோவிலும் அதே 57. 2024 நவம்பர் 5 அன்று பத்து மாநிலங்களில் இந்தக் கேள்வி வந்தது. ஏழில் உரிமைத் தரப்பு வென்றது. அரிசோனாவில் 62 சதவீதம், மொன்டானாவில் 58, மிசூரியில் 52. இந்த மூன்று மாநிலங்களும் அன்றே டிரம்பையும் ஜெயிக்க வைத்தன. அதாவது, ஒரே ஆள், ஒரே வாக்குச்சீட்டு, மேலே குடியரசுக் கட்சி, கீழே கருக்கலைப்பு உரிமைக்கு ஆம். இப்படிப் போட்டவர்கள் கணிசமாக இருந்திருக்க வேண்டும்.

இது முரண்பாடு மாதிரி தெரியும், ஆனால் இல்லை. வேட்பாளருக்கு ஓட்டு போடும்போது வரி, குடியேற்றம், துப்பாக்கி, விலைவாசி என்று ஒரு மூட்டையையே வாங்குகிறோம். அந்த மூட்டைக்குள் கருக்கலைப்புத் தடையும் இருக்கும், பிடிக்காவிட்டாலும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். தனிக் கேள்வியாக வைத்தால் மட்டுமே அந்த ஒரு விஷயத்தில் மக்கள் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியும். சட்டமன்றத்தின் கருத்தும் மக்கள் கருத்தும் எவ்வளவு தூரம் விலகியிருக்கின்றன என்பதை இந்த வாக்கெடுப்புகள் காட்டிக்கொடுத்தன. நண்பர் சொன்னதில் இது முழுக்க உண்மை.

ஓட்டு யாருக்குக் கிடைக்கிறது?

இனிமேல்தான் சிக்கல். கையெழுத்து திரட்டி அரசமைப்புத் திருத்தம் கொண்டுவரும் உரிமை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாநிலங்களில்தான் மக்களுக்கு இருக்கிறது. மற்ற இடங்களில் சட்டமன்றமே மனது வைத்துக் கேள்வியை மக்கள் முன் வைத்தால்தான் உண்டு. தடையைக் கொண்டுவந்த சட்டமன்றம் எதற்கு வைக்கப்போகிறது? மூன்று கோடிக்கும் அதிகமான மக்கள் வாழும் டெக்சாஸில் இந்தத் தடை பற்றிய பொது வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. டென்னசி, அலபாமா, ஜார்ஜியாவிலும் மக்கள் கையெழுத்து போட்டுத் திருத்தம் கொண்டுவர வழி கிடையாது.

இதில் மிசிசிப்பியின் கதைதான் எனக்கு மறக்க முடியாதது. கரு உருவான நொடியிலிருந்தே அது சட்டப்படி ஒரு நபர் என்று அறிவிக்கும் திருத்தத்தை 2011-ல் அந்த மாநில மக்கள் முன் வைத்தார்கள். நாட்டிலேயே பழமைவாதம் மிகுந்த மாநிலங்களில் ஒன்று அது. ஏறத்தாழ 58 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். பிறகு 2021 மே மாதம் மருத்துவக் கஞ்சா தொடர்பான ஒரு வழக்கில், மக்கள் திருத்தம் கொண்டுவரும் முறையே இனி செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காரணம் ஒரு பழைய கணக்கு. கையெழுத்துகள் ஐந்து நாடாளுமன்றத் தொகுதிகளிலிருந்து வர வேண்டும் என்று விதி எழுதியிருந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் மாநிலத்துக்கு நான்கு தொகுதிகள்தான். ஆக, "மக்களிடம் திருப்பிக் கொடுக்கிறோம்" என்ற தீர்ப்பு எந்த மாநிலத்து வழக்கில் வந்ததோ, அந்த மாநிலத்து மக்களிடம் அதை வாங்கிக்கொள்ள ஒரு கை இல்லை.

கேள்வியும் விதியும்

ஓட்டு கிடைத்துவிட்டால் போதுமா? 2024 நவம்பர் 5 அன்று புளோரிடாவில் 57 சதவீதம் பேர் கருக்கலைப்பு உரிமைக்கு ஆதரவாக ஓட்டு போட்டார்கள், தோற்றார்கள். அன்றே மிசூரியில் 52 சதவீதத்துக்கும் ஒரு பொட்டு குறைவாக வாங்கி ஜெயித்தார்கள். புளோரிடாவில் திருத்தம் நிறைவேற 60 சதவீதம் வேண்டும், மிசூரியில் பாதிக்கு மேல் போதும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. புளோரிடாவில் 60 சதவீத விதியே 2006-ல் ஒரு வாக்கெடுப்பில் வந்ததுதான். அன்று அது வாங்கிய ஓட்டு 58 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு.

அரசமைப்பை மாற்றுவது கடினமாக இருக்க வேண்டும் என்பதில் தவறில்லை. கொலராடோவில் 55 சதவீதம் வேண்டும், அங்கே வாங்கிக் காட்டினார்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு கோட்டை நகர்த்துவது வேறு விஷயம். ஒஹையோவில் 2023 நவம்பர் வாக்கெடுப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும், ஆகஸ்டிலேயே வேறொரு வாக்கெடுப்பை வைத்து, இனி 60 சதவீதம் வேண்டும் என்று மாற்றப் பார்த்தார்கள். ஆகஸ்ட் தேர்தலுக்கு ஆள் வருவதில்லை, வீண் செலவு என்று சொல்லி அதே சட்டமன்றம் சில மாதங்களுக்கு முன்புதான் பெரும்பாலான ஆகஸ்ட் தேர்தல்களை ஒழித்திருந்தது! மக்கள் அந்த முயற்சியை 57 சதவீதத்தால் தோற்கடித்தார்கள். ஆனாலும் நவம்பர் வாக்குச்சீட்டில் அச்சான சுருக்கத்தில் "கரு" என்று இருந்த இடத்தில் "பிறக்காத குழந்தை" என்று மாற்றி எழுதினார்கள்.

கேள்வியின் வடிவமும் ஆளைக் கவிழ்க்கும். 2022 நவம்பரில் கென்டக்கி மக்கள், "இந்த மாநில அரசமைப்பில் கருக்கலைப்பு உரிமை கிடையாது" என்று எழுதிவைக்கும் திருத்தத்தை 52 சதவீத ஓட்டால் நிராகரித்தார்கள். அன்று இரவு கொண்டாடியவர்கள் மறுநாள் காலையில் பார்த்தால் தடை அப்படியே இருந்தது. வேண்டாம் என்று சொன்னதால் திருத்தம்தான் வரவில்லை. ஏற்கெனவே இருந்த சட்டம் எங்கும் போகவில்லை. அது தொடரலாம் என்று நீதிமன்றமும் அடுத்த பிப்ரவரியில் சொல்லிவிட்டது. மக்கள் ஓட்டு போட்டார்கள், ஜெயித்தார்கள், பெண்களுக்கு எதுவும் மாறவில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அலபாமா 2018-லும் லூசியானா 2020-லும் இதே மாதிரித் திருத்தங்களை முறையே 59, 62 சதவீதத்தில் ஏற்றுக்கொண்டன. மக்கள் மனது இதுதான் என்று அந்த எண்ணிக்கையைக் காட்டலாம். ஆனால் அப்போது ரோ தீர்ப்பு உயிரோடு இருந்தது. அந்த ஓட்டால் அடுத்த நாள் எந்த மருத்துவமனையிலும் எதுவும் மாறாது என்று எல்லோருக்கும் தெரியும். அது கொள்கையைச் சொல்லும் ஓட்டு. கான்சஸில் போட்டது விளைவு தெரிந்து போட்ட ஓட்டு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

நெப்ராஸ்காவை என்ன செய்வது?

இதுவரை படித்தவர்கள், விதிகளைச் சரிசெய்துவிட்டால் வாக்கெடுப்பே நல்ல வழி என்று நினைக்கலாம். அப்படியானால் நெப்ராஸ்காவுக்கு வருவோம். 2024-ல் அங்கே இரண்டு திருத்தங்கள் எதிரெதிரே நின்றன. ஒன்று உரிமையைப் பாதுகாப்பது. இன்னொன்று 12 வாரத்துக்குப் பிறகு, சில விதிவிலக்குகளோடு, தடை செய்வது. தடைத் திருத்தம் 55 சதவீதத்தில் வென்றது, உரிமைத் திருத்தம் பாதியைத் தொடாமல் தோற்றது. தெற்கு டகோட்டாவிலும் உரிமைத் தரப்பு தோற்றது. கான்சஸைக் காட்டி "பார், மக்கள் பேசிவிட்டார்கள்" என்று சொன்னவர்கள் நெப்ராஸ்காவில் என்ன சொல்வார்கள்? மக்கள் தீர்ப்பு எனக்குப் பிடித்தால் தீர்ப்பு, பிடிக்காவிட்டால் அநீதி என்றால் அது வாதமே ஆகாது.

இதை யோசித்தபோதுதான் ஒன்று புரிந்தது. உண்மையில் இரு தரப்பிலும் உறுதியாக இருப்பவர்கள் யாரும் மாநில வாக்கெடுப்பை மனதார ஏற்பதில்லை. கரு ஒரு முழு மனித உயிர் என்று நம்புகிறவருக்கு, அந்த உயிர் மொன்டானாவில் ஒரு விதம் நெப்ராஸ்காவில் ஒரு விதம் என்பது அபத்தம். நாடு முழுவதும் தடை வேண்டும் என்பார். ஒரு பெண்ணின் உடல் அவளுடையது என்று நம்புகிறவருக்கும், அது மாநில எல்லையில் மாறும் என்பது அதே அளவு அபத்தம். அவரவர்க்குத் தோதான இடத்தில், தோதான நேரத்தில் "மக்கள் முடிவு செய்யட்டும்" என்கிறார்கள்.

ஓட்டுக்கு அப்பால் சில விஷயங்கள் இருக்க வேண்டும் என்பது பழைய கருத்துதான். பள்ளிக் குழந்தைகளைக் கட்டாயப்படுத்திக் கொடி வணக்கம் செய்யச் சொன்ன வழக்கில், 1943-ல், அடிப்படை உரிமைகள் தேர்தல் முடிவுகளைப் பொறுத்தவை அல்ல என்று நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதினார். ஏன் என்பதற்கு நான் எடுத்துக்காட்டும் உதாரணம் அலபாமா. வெள்ளையரும் கறுப்பரும் மணம் செய்துகொள்வதற்கு இருந்த தடைகளை உச்ச நீதிமன்றம் 1967-ல் நீக்கியது. செல்லாக் காசாக அலபாமா அரசமைப்பில் கிடந்த அந்த வரியை அழிக்கலாமா என்று 2000-ம் ஆண்டில் மக்களிடம் கேட்டார்கள். அழிக்கலாம் என்று 60 சதவீதத்துக்கு அருகில் ஓட்டு விழுந்தது. மீதி 40 சதவீதம் பேர், 33 வருடம் கழித்தும், வேண்டாம் என்றார்கள். 1967-லேயே இதை அலபாமா மக்களின் ஓட்டுக்கு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

எதிர்வாதமும் இருக்கிறது, அதை லேசாக ஒதுக்க முடியாது. கருக்கலைப்பு உரிமையின் உறுதியான ஆதரவாளரான நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்கே, ரோ தீர்ப்பு ஒரேயடியாக அதிக தூரம் போய்விட்டது, படிப்படியாகப் போயிருந்தால் எதிர்ப்பு இவ்வளவு வலுத்திருக்காது என்று விமர்சித்தார். நீதிமன்றம் கொடுத்ததை நீதிமன்றம் பறிக்கவும் முடியும் என்று 2022 காட்டிவிட்டது. மக்களின் ஓட்டில் வேர்விட்ட உரிமைக்கு ஒரு தனிப் பலம் இருக்கிறது.

மாநில எல்லை எங்கே இருக்கிறது?

"மாநில அளவில்" என்ற சொல்லும் நினைத்த அளவு கெட்டியானது இல்லை. இன்று கருக்கலைப்பில் பெரும்பகுதி மாத்திரைகளால் நடக்கிறது. மாத்திரை தபாலில் வரும். நியூயார்க் மாநிலம் தன் மருத்துவர்களைப் பாதுகாக்கச் சட்டம் போட்டிருக்கிறது. அங்கிருந்து மாத்திரை அனுப்பியதாக ஒரு மருத்துவர் மீது 2025-ல் லூசியானா குற்றம் சாட்டி ஒப்படைக்கச் சொன்னது. நியூயார்க் ஆளுநர் முடியாது என்றார். இரு மாநில மக்களும் தங்கள் தங்கள் வழியில் "முடிவு செய்துவிட்டார்கள்". இப்போது எந்த முடிவு செல்லும்? கடைசியில் இது மறுபடி ஒன்றிய நீதிமன்றங்களுக்குத்தான் போய்ச் சேரும்.

காசு உள்ளவர் விமானம் ஏறி அடுத்த மாநிலம் போய்விடுவார். தினக்கூலி வேலையில் இரண்டு நாள் லீவு கேட்டால் வேலையே போய்விடும் என்ற நிலையில் இருப்பவர் எங்கே போவார்? அவருக்கு எல்லை என்பது சுவர்.

அவசரம் வந்தால் காசு இருந்தும் பயனில்லை. டெக்சாஸில் ஒரு பெண், விரும்பிச் சுமந்த குழந்தை. 18-வது வாரத்தில் பனிக்குடம் உடைந்துவிட்டது. குழந்தை பிழைக்க வழியில்லை. ஆனால் இதயத்துடிப்பு இருந்ததால், சட்டத்துக்குப் பயந்து உடனே கருவை அகற்றவில்லை. ரத்தத்தில் கிருமி பரவி அவர் உயிருக்கே ஆபத்து வந்த பிறகுதான் சிகிச்சை நடந்தது. அவரும் வேறு பல பெண்களும் தொடுத்த வழக்கை 2024 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2025-ல் சட்டமன்றமே விதிவிலக்கைத் தெளிவுபடுத்தி ஒரு சட்டம் போட்டது. அதாவது, குழப்பம் இருந்தது என்று சட்டம் போட்டவர்களே ஒப்புக்கொண்டார்கள். அதற்கு இடைப்பட்ட காலத்தில் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்கள் யாருடைய முடிவுக்காகக் காத்திருந்தார்கள்?

என் பதில்

நண்பருக்கு நான் இப்போது சொல்வது இதுதான். வாக்கெடுப்பை ஒரு கேடயமாக ஏற்கிறேன். மக்கள் கருத்திலிருந்து விலகிப்போன சட்டமன்றத்தைத் தடுக்க மிச்சிகன், ஒஹையோ, மிசூரி மக்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஒன்றிய அளவில் உரிமை இல்லாத நாட்டில், ஓட்டு இருப்பது இல்லாததைவிட எவ்வளவோ மேல். அந்தக் கேடயம் டெக்சாஸ், மிசிசிப்பி மக்களுக்கும் கிடைக்க வேண்டும். கிடைக்காதவரை "மாநில மக்கள் முடிவு செய்கிறார்கள்" என்று யாரும் சொல்லக் கூடாது. மாநில அரசியல்வாதிகள் முடிவு செய்கிறார்கள் என்று சொன்னால் சரி.

ஆனால் கேடயத்தையே அஸ்திவாரமாகப் போட்டு வீடு கட்ட முடியாது. எத்தனை வாரம், அரசு காசு கொடுக்குமா, பதினாறு வயதுப் பெண்ணின் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டுமா போன்றவற்றில் ஒரு சமூகம் ஓட்டு போட்டுச் சண்டை போடலாம், மாற்றிக்கொள்ளலாம். கரு சிதைந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு மருத்துவர் சிகிச்சை தரலாமா என்பதை 52 சதவீதமா 48 சதவீதமா என்று எண்ணிப் பார்த்துச் சொல்லக் கூடாது. அதற்கு நாடு முழுவதும் ஒரே அடித்தளம் வேண்டும், அதற்கு மேலே என்ன கட்டுவது என்பதை மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

மிசூரியைக் கடைசியாக ஒருமுறை பாருங்கள். 2024-ல் மக்கள் ஓட்டு போட்டு உரிமையை எழுதினார்கள். அதன் பிறகும் மருத்துவமனைகள் சேவையைத் தொடங்குவதும் நிறுத்துவதுமாக நீதிமன்றங்களில் இழுபட்டது. 2025 மே மாதம், அந்தத் திருத்தத்தையே நீக்கும் புதிய கேள்வியை 2026 வாக்குச்சீட்டில் வைக்க சட்டமன்றம் முடிவு செய்தது. மக்கள் முடிவு செய்யட்டும் என்றவர்களே, மக்கள் முடிவு செய்த ஆறு மாதத்தில், மறுபடி கேளுங்கள் என்கிறார்கள்.

நண்பர் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "அப்போ அந்த அடித்தளத்தை யார் போடுறது? மறுபடியும் ஒன்பது பேரா?" என்கிறார். நாடாளுமன்றம் போட வேண்டும் என்கிறேன் நான். அதற்கான ஓட்டு அங்கே இல்லை என்கிறார் அவர். அதுவும் உண்மைதான்.